மேசை எடுங்கள், கடன் எடுக்காதீர்கள்

கேள்வி: வன்னியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வயது 29. இரணைமடுக் குளத்தின் கதவுகளை ஒரு கணினி திறந்து மூடும் எதிர்காலத்தை வைத்து விஞ்ஞானப் புனைகதை நாவல் ஒன்று எழுதி, சொந்தக் காசில் 300 பிரதிகள் அச்சடித்தேன். 180 பிரதிகள் இன்னும் வீட்டில் பெட்டிகளில் இருக்கின்றன. கொழும்பில் நடக்கும் கொமிக் ரசிகர் விழாவில் விற்பனை மேசை எடுக்கச் சொல்கிறாள் என் நண்பி. அதற்கான செலவுக் கணக்கை இதனோடு இணைத்திருக்கிறேன். இதற்கிடையில் இங்கிலாந்தில் நடக்கும் விஞ்ஞானப் புனைகதை மாநாடு ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். கலந்துரையாடல் ஒன்றில் பேச என்னைச் சேர்த்திருப்பதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. தலைப்பு, ‘போருக்குப் பிந்தைய நிலத்தில் கற்பனை’. என் நாவலில் போர் இல்லை. தலைப்பை மறுத்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்களோ என்று பயம். போய்வர ஆறு, ஏழு லட்சம் வேண்டும். நகையை அடகு வைக்கலாமா? “புத்தகம் விற்கப் போய் நகையையும் விற்கப் போறியோ” என்கிறார் அம்மா. தமிழ் நாவலுக்கு அங்கெல்லாம் என்ன இடம் இருக்கிறது? இந்த வகை எழுத்துக்கு இங்கேயும் ஆக்களே இல்லை.

பதில்: அன்புள்ள தங்கச்சி,

அடகுக் கடைப் பக்கம் போக வேண்டாம். அந்த விஷயத்தில் அம்மா சொல்வதுதான் சரி. ஆனால் மாநாடு, விழா எல்லாமே வேண்டாத வேலை என்று அவர் நினைத்தால் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சொந்தமாக நூல் அச்சடிக்கும் எழுத்தாளர்களுக்கு வேலை செய்வதுதான் என் தொழில். பிரதி திருத்துவது முதல் விற்பனை மேசையில் கூட நிற்பது வரை எல்லாம் பார்த்திருக்கிறேன். விற்றே தீருவது என்று போகிறவர்கள் பெட்டிகளோடும் மனக்குறையோடும் திரும்பி வருகிறார்கள். தானும் ஒரு ரசிகராக, தன்னைப் போன்ற ஆக்களைத் தேடிப் போகிறவர்களுக்கு அதே மேசையில் நல்லது நடக்கிறது. கீழே நான் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் இங்கிலாந்து மின்னஞ்சல். அதை இன்னொரு தடவை வடிவாக வாசித்துப் பாருங்கள். உங்களைக் கலந்துரையாடலில் சேர்த்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். டிக்கெட், தங்குமிடம் பற்றி ஒரு சொல்லும் இராது. இந்த மாநாடுகளில் பலவற்றை நடத்துவது ரசிகர்களே. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவிலும் வார இறுதியிலும் சம்பளம் இல்லாமல் உழைக்கிறார்கள். கௌரவ விருந்தினர்கள் என்று அழைக்கப்படும் சிலருக்கு மட்டும் பயணச் செலவும் அறையும் கொடுப்பார்கள். மற்ற எழுத்தாளர்கள் தங்கள் காசில் வந்து, பல இடங்களில் உறுப்பினர் கட்டணத்தையும் தாங்களே கட்டி மேடையில் ஏறுகிறார்கள். உங்களை அவர்கள் குறைத்து நடத்தவில்லை, அங்கே ஒழுங்கு அப்படி. ஆனால் அந்த ஒழுங்கு தெரியாமல் நகையை வைத்துப் போனால், ஒரு மணித்தியாலக் கலந்துரையாடலுக்காக ஆறு லட்சம் கடன்பட்டுவிட்டு வருவீர்கள்.

விசாவும் இருக்கிறது. மாநாட்டுக்காரர் தரும் கடிதம் விண்ணப்பத்துக்கு உதவும், அவ்வளவுதான். உங்கள் வங்கிக் கணக்கு, வேலை, திரும்பி வருவீர்களா என்பது எல்லாம் பார்ப்பார்கள். மறுத்தால் விசாக் கட்டணம் திரும்பி வராது. அடகு வைத்த பணம் திடீரென்று கணக்கில் விழுந்திருப்பதைக் கண்டால் அதற்கும் கேள்வி வரும். “கடிதம் இருக்குத்தானே, விசா நிச்சயம்” என்று எந்த முகவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியென்றால் வந்த வாய்ப்பை விடுவதா? விடவேண்டாம். இணையத்தில் கலந்துகொள்ளலாமா என்று கேட்டு எழுதுங்கள். 2020 இல் நியூசிலாந்தில் நடக்கவேண்டிய உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு கொவிட் காரணமாக முழுவதும் இணையத்திலேயே நடந்தது. 2024 இல் கிளாஸ்கோவில் நடந்தபோது மண்டபத்தில் ஒரு பக்கமும் இணையத்தில் ஒரு பக்கமுமாக நடத்தினார்கள். அதனால் இந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல. கோடை காலத்தில் பிரித்தானிய நேரம் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். அங்கே காலை 10 மணி என்றால் இங்கே பிற்பகல் 2.30. கிளிநொச்சி ரவுணில் நல்ல இணைப்பு உள்ள ஓர் இடத்தில், கரண்ட் போனாலும் வேலை செய்யும் மடிக்கணினியோடு இருந்தால் போதும். ஒருநாள் முன்னதாகவே அதே நேரத்தில் அதே கதிரையில் இருந்து, குரல் வெட்டாமல் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நேரில் போகத்தான் ஆசை என்றால் அதற்கும் வழி இருக்கிறது, பொறுமை வேண்டும். ட்ரீம் ஃபவுண்டரி என்ற அமைப்பின் கீழ் கொன் ஓர் பஸ்ட் என்று ஒரு உதவித் திட்டம் இருக்கிறது. வெள்ளையரல்லாத எழுத்தாளர்களும் ரசிகர்களும் இப்படியான மாநாடுகளுக்குப் போகப் பண உதவி செய்வதே அதன் வேலை. பெரிய மாநாடுகள் சில தாங்களே ஒரு நிதியும் வைத்திருக்கும். முதலில் அங்கே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சொந்தமாக நூல் போட்டவர்களைத் தேடிப்பிடித்து, “உங்கள் நாவலை லண்டனில் காட்சிக்கு வைக்கிறோம், இவ்வளவு டொலர் அனுப்புங்கள்” என்று எழுதும் கூட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் நூலைப் புகழ்ந்திருப்பார்கள், ஆனால் வாசித்ததற்கான அடையாளம் ஒன்றும் இராது. வந்த மின்னஞ்சலின் முகவரி மாநாட்டின் சொந்த இணையத்தள முகவரியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சந்தேகமென்றால் அந்தத் தளத்தில் உள்ள தொடர்புப் படிவம் வழியாகவே கேளுங்கள்.

தமிழ் நாவலுக்கு என்ன இடம் என்று கேட்டீர்கள். உலக மாநாடு 1939 இல் நியூயோர்க்கில் தொடங்கியது. அதன் உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் 1953 முதல் விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருது கொடுக்கிறார்கள். எந்த மொழியில் வந்த படைப்பும் வெளியான ஆண்டுக்கு அதில் தகுதி உடையது. ஆங்கிலத்தில் மொழிபெயர்ந்து வந்தால், மொழிபெயர்ப்பு வந்த ஆண்டுக்கு இன்னொரு தடவை தகுதி பெறும். நாவல் என்று கொள்ள 40,000 சொற்கள் வேண்டும். விருது கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. கதவு பூட்டியில்லை என்பது தெரிந்திருக்கட்டும். ஆனால் வாக்களிப்பவர்கள் வாசிக்கவேண்டுமே. அதனால் உங்களிடம் காசு இருந்தால் விமான டிக்கெட்டுக்கு முன் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்குக் கொடுங்கள். முழு நாவலும் வேண்டாம், முதல் அத்தியாயம் போதும்.

இலங்கை என்றால் அந்த உலகத்தில் பலருக்கும் ஆங்கில விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் ஞாபகம் வரும். 1956 இல் இங்கே வந்தவர், 2008 இல் கொழும்பில்தான் இறந்தார். இப்போது கொழும்பில் இருந்து ஆங்கிலத்தில் எழுதும் வஜ்ர சந்திரசேகரவை அறிவார்கள். 2024 இல், விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் சங்கம் கொடுக்கும் நெபுலா விருது நாவலுக்காக அவருக்குக் கிடைத்தது. வன்னியில் இருந்து தமிழில் எழுதும் ஒருவர் அந்தக் கலந்துரையாடல் மேசையில் இருந்தால் நிச்சயம் காது கொடுப்பார்கள்.

அப்புறம் கொழும்பு மேசை. இதை எடுங்கள். ஆனால் தனியே எடுக்க வேண்டாம். நீங்கள் எழுதிய கணக்கின்படி ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 520 ரூபா, விலை 900 ரூபா, மிச்சம் 380 ரூபா. மேசைக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து 19,000 ரூபா போட்டிருக்கிறீர்கள். அந்தச் செலவு வரவே 50 பிரதிகள் விற்கவேண்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத பெடியள், பெட்டையள் பெரும்பாலாக இருக்கும் கூட்டத்தில் அது நடக்காது. ஓவியம் கீறும் இரண்டு பேரைச் சேர்த்து மேசையை மூன்றாகப் பிரியுங்கள். உங்கள் அட்டைப்படத்தைக் கீறியவர் யாரோ, முதலில் அவரைக் கேளுங்கள். குளக்கட்டில் நிற்கும் அந்த இயந்திரத்தைத் தபாலட்டை அளவில் அச்சடித்தால் மொழி தெரியாதவரும் வாங்குவார். இப்படியான விழாக்களில் நாவலைவிடப் படமும் ஸ்டிக்கரும்தான் வேகமாகப் போகும்.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பெரிய தலைக்கவசமும் அட்டையில் வெட்டிய வாளுமாக ஒரு பிள்ளை வந்து நிற்கும். உங்கள் நூலைக் கையில் எடுக்கும், அட்டையைப் பார்க்கும், திறக்கும், தமிழ் எழுத்தைக் கண்டதும் மரியாதையாக அதே இடத்தில் வைக்கும். அந்தக் கணத்தில் உங்கள் கையில் ஒரு துண்டு இருக்கவேண்டும். ஒரு பக்கம் நாவலின் முதல் பக்கம் ஆங்கிலத்தில், மறுபக்கம் சிங்களத்தில், அடியில் கியூஆர் குறியீடு. “இது என்ர ஊர்க் குளத்தைப் பற்றின கதை, இருநூறு வருஷத்துக்குப் பிறகு” என்று ஒரு வசனம் சொல்லி அதைக் கொடுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறினாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளையும் அன்றைக்கு வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கும். நூலை வாங்காமலே பத்து நிமிடம் நின்று கதைக்கிறவரை வியாபாரம் கெடுகிறது என்று அனுப்பிவிடாதீர்கள். அடுத்த அட்டையைக் கீறப்போவதும், முதல் அத்தியாயத்தைச் சிங்களத்துக்குக் கொண்டுபோவதும் அப்படி நின்று கதைக்கிற ஒருவர்தான். அவருடைய பெயரையும் எதைப் பற்றிக் கதைத்தார் என்பதையும் அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதுங்கள், இல்லையென்றால் இரண்டு நாள் கூட்டத்தில் முகங்கள் எல்லாம் கலந்துவிடும்.

180 பிரதிகளையும் ஏற்றிக்கொண்டு போகவேண்டாம். 30 போதும். இருநூறு பக்க நூல் 30 என்றாலே ஏழு கிலோவுக்கு மேல் வரும், இரவு பஸ்ஸில் அதை ஏற்றி இறக்கப்போவதும் நீங்கள்தான். சில்லறைக் காசு, கைபேசியில் காசு வாங்க லங்கா கியூஆர் குறியீடு, தண்ணீர்ப் போத்தல், மேசைக்கு ஒரு விரிப்பு, நூலை நிமிர்த்தி வைக்க ஒரு தாங்கி. கோச்சியில் போனால் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஏறலாம், கோட்டையில் இறங்கலாம். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே தங்குங்கள், அறை வாடகை மிச்சம். மேசைக்காரர் மூவரில் ஒருவர் எப்போதும் சாப்பிடப் போயிருக்கட்டும், பசியோடு சிரிக்க முடியாது. வேடம் போட்டிருப்பவரைப் படம் எடுக்கமுன் கேட்கவேண்டும், உடையைத் தொடக்கூடாது. உங்களிடம் யாராவது அளவு மீறினால் நடத்துபவர்களிடம் உடனே சொல்லுங்கள். ஒழுங்கான விழா என்றால் நடத்தை விதி எழுதி வைத்திருப்பார்கள், போகமுன் அதைத் தேடி வாசியுங்கள்.

மீதிப் பிரதிகளுக்குக் கொமிக் விழா தீர்வல்ல. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் கொழும்புப் புத்தகக் கண்காட்சியில் தமிழ்ப் புத்தகக் கடைகள் இருக்கும், அவர்களுக்குக் கழிவு கொடுத்து வையுங்கள். நம் பக்கத்தில் சிறுபோக அறுவடை முடிந்து வீடுகளில் காசு புழங்கும் காலமும் அதை ஒட்டித்தான், பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் அப்போதே போய்க் கேளுங்கள். சென்னைப் புத்தகக் காட்சியும் கனவிலேயே இருக்கவேண்டியதில்லை. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போகிறது, கொழும்புக்கு இறங்கவே தேவையில்லை. ஆனால் சுற்றுலா விசாவில் போய் நீங்களே கடை போட்டு விற்க முடியாது. அங்குள்ள பதிப்பாளர் ஒருவரின் கடையில் நூல் இருக்க, நீங்கள் பார்வையாளராகப் போய்வரலாம்.

இனி, தலைப்பு. உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது இந்த இடத்தில்தான்.

வன்னி என்ற சொல்லைக் கேட்டதும் வெளியே இருப்பவர்களுக்கு 2009 தான் வருகிறது. அதில் தப்பில்லை, நடந்தது அப்படி. ஆனால் நீங்கள் ஒரு நாவல் எழுதி அனுப்பினீர்கள், அவர்கள் உங்கள் ஊரின் பெயரை வைத்து உங்களை ஒரு கதிரையில் இருத்தியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். அதை மாற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மறுத்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்களோ என்று பயப்படுகிறீர்கள். நிகழ்ச்சி அமைப்பவர்களுக்கு இப்படியான கடிதங்கள் நிறைய வரும். காரணம் சொல்லி, மாற்று வழியும் சொல்லி எழுதுபவரை அவர்கள் வரவேற்பார்கள்.

மாற்று வழி உங்களிடம் வலுவாக இருக்கிறது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்று குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் ஒன்றாக இருந்து முடிவெடுக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் இருக்கிறதே, அதைத்தான் உங்கள் நாவலில் கணினியிடம் கொடுத்திருக்கிறீர்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர் அந்தக் கணினியோடு எப்படி வாதாடுவார் என்பதுதான் உங்கள் கதை. இயந்திரம் முடிவெடுக்கும் உலகம் பற்றிப் பேசாத மாநாடு இன்றைக்கு இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் வாங்கில் இருந்து பார்த்த ஒருவர் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள்? இதையே எழுதுங்கள்: “என் நாவல் நீரைப் பங்கிடும் இயந்திரம் பற்றியது. போர் பற்றி நான் எழுதவில்லை, அந்தத் தலைப்பில் பேச விரும்பவும் இல்லை. செயற்கை நுண்ணறிவு, நீர், விவசாயம் பற்றிய கலந்துரையாடல் இருந்தால் அதில் பயனுள்ளதாகப் பேசுவேன்.” இவ்வளவும் போதும். மன்னிப்புக் கேட்கவேண்டாம்.

போர் பற்றிப் பேசலாம் என்று உங்களுக்கே தோன்றினால் அது வேறு. அப்போதும் எதைச் சொல்லமாட்டேன் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து நெறியாளருக்கு எழுதிவிடுங்கள். சபையில் யாராவது கேட்டால் கேள்வியை அவர் திருப்பிவிடுவார். பதிவு செய்து இணையத்தில் போடுவார்களா என்றும் கேளுங்கள். பேசிவிட்டு நீங்கள் திரும்புவது உங்கள் வீட்டுக்கும் அரசாங்கப் பாடசாலைக்கும்தான். அங்கிருந்து கைதட்டுபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, உங்களுக்கு இருக்கவேண்டும். உங்கள் அனுபவம் உங்களுடையது. அதை எப்போது, எந்த மொழியில், யாரிடம் சொல்வது என்பதை ஒரு நிகழ்ச்சி நிரல் தீர்மானிக்க விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நீங்கள் கேட்காதது. இந்த வகை எழுத்துக்கு இங்கே ஆக்களே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஒரு சிறு மண்டபத்தில் இருபது பேர் வரை கூடினார்கள். விஞ்ஞானப் புனைகதைக்கென்று முன்கூட்டி ஒழுங்குசெய்த முதல் மாநாடு அதுதான் என்று பலர் சொல்வார்கள். வந்தவர்களில் பத்தொன்பது வயதுக் கிளார்க்கும் ஒருவர். கிளிநொச்சியில் இருபது பேர் கிடைக்கமாட்டார்களா? அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. வவுனியாவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. உங்கள் ஏ.எல். மாணவர்களே இருக்கிறார்கள். ஒரு போயா நாளில் நூலக மண்டபம் கேளுங்கள், அரை நாள் போதும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவரையும் வயது போன கமக்காரர் ஒருவரையும் கூப்பிட்டு, உங்கள் நாவலில் உள்ள குளக்கதவு உண்மையில் நடக்குமா என்று அவர்களிடையே வாதம் விடுங்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கக் கதை எழுதி வரட்டும். தேநீரும் வடையும் போதும். மண்டபம் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், நானும் வருகிறேன். பிரதி திருத்துவது பற்றிப் பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் இருப்பேன்.

கடைசியாக உத்தியோக அலுவல். நீங்கள் அரசாங்க ஆசிரியை, இப்போது இல்லாவிட்டாலும் ஒருநாள் நேரில் போவீர்கள், அதற்கு வெளிநாட்டு விடுமுறை அனுமதி வேண்டும். அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்குப் போய், அங்கிருந்து மேலே போய்த் திரும்பி வர நாள் எடுக்கும். கடவுச்சீட்டை இப்போதே எடுத்து வையுங்கள், வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இங்கிலாந்துக்குப் பதிலை இந்தக் கிழமைக்குள் அனுப்புங்கள். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போனபிறகு தலைப்பை மாற்றிக் கேட்பது கஷ்டம். ஆங்கிலத்தில் எழுதியதை அனுப்புமுன் யாராவது பார்க்கவேண்டும் என்றால் எனக்குப் போடுங்கள், அன்றே பார்த்துத் தருகிறேன்.